சிமெண்ட் ஷீட் கூரை உடைந்து விழுதல்: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே ஆராயப்படுவது ஒரு குறிப்பிட்ட ஆலையில் நடந்த ஒற்றை விபத்து அல்ல. கூரை வழியாக விழுந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப ஒரே வரிசையில் வரும் விவரங்களைக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. அளவுகள், எடைகள், கணக்குகள் எல்லாம் இத்தகைய கூரைகளுக்குப் பொருந்துபவை. பராமரிப்புப் பொறுப்பாளர், பாதுகாப்பு அலுவலர், கூரை வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர், மேலே ஏறும் தொழிலாளி ஆகிய நால்வரும் தங்கள் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இந்த விவரம்.

இடமும் வேலையும்

40 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் உள்ள கிடங்கு. இருபக்கச் சரிவுக் கூரை. சரிவு சுமார் 15 டிகிரி. பக்கவாட்டு விளிம்பின் உயரம் 6.2 மீட்டர், முகட்டின் உயரம் 8.6 மீட்டர். இரும்பு டிரஸ்களின் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்கள்) மேல் 1.3 மீட்டர் இடைவெளியில் பர்லின்கள், அதாவது கட்டிடத்தின் நீளவாக்கில் ஓடி ஷீட்டைத் தாங்கும் சட்டங்கள். அவற்றின் மேல் 6 மி.மீ. தடிமனுள்ள அலைவடிவச் சிமெண்ட் ஷீட்டுகள், நுனி கொக்கிபோல் வளைந்த ஜே போல்ட்டால் பர்லினோடு பிடிக்கப்பட்டவை. கட்டி 25 ஆண்டுகள் ஆன கூரை. வெளிச்சத்துக்காக இடையிடையே எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) ஷீட் போட்டிருக்கிறார்கள். அதே அலைவடிவம், அதே அகலம். ஆண்டுக்கணக்கில் படிந்த தூசியும் பாசியும், ஒரு காலத்தில் கூரை முழுவதும் அடித்த பூச்சும் சேர்ந்து, மேலிருந்து பார்த்தால் எது சிமெண்ட், எது எஃப்.ஆர்.பி. என்று பிரித்தறிய முடியாதபடி செய்துவிட்டன. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் வரும் இடம் தெரியும். மேலே ஏறியவருக்குத் தெரியாது.

மழைக்குப் பின் ஒழுகல். விரிசல் விட்ட 2 ஷீட்டுகளை மாற்ற வேண்டும், சில போல்ட் தலைகளில் நீர் கசியாமல் தடுக்கும் பிட்டுமன் வாஷரைப் புதுப்பிக்க வேண்டும். அரை நாள் வேலை என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லப்பட்டது. ஆட்கள் மூவர்: கூரை வேலையில் பழகியவர் ஒருவர், உதவியாளர் ஒருவர், கீழிருந்து பொருள் எடுத்துக்கொடுப்பவர் ஒருவர். மூவருக்கும் ஹெல்மெட், மேலே செல்லும் இருவருக்கும் முழு உடல் ஹார்னஸ் (உடலோடு கட்டும் பாதுகாப்பு வார்), ஒரு நீளக் கயிறு. பலகை இல்லை, வலை இல்லை, ஆளை உயர்த்தும் லிஃப்ட் இல்லை.

ஏணி கிடங்கின் முன்பக்க மூலையில் சாத்தப்பட்டது. தரை அங்கேதான் சமதளமாக இருந்தது; வண்டி நிறுத்தவும் வசதி. மாற்ற வேண்டிய ஷீட்டுகள் அங்கிருந்து பக்கவாட்டில் 14 மீட்டர் தள்ளி, முகட்டுக்குக் கீழே மூன்றாவது பர்லின் அருகே. இந்த 14 மீட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலைக்கான அனுமதிச் சீட்டிலும் இல்லை, விலைப்புள்ளியிலும் இல்லை.

நடந்த வரிசை

முதல் ஷீட் சிக்கலின்றி மாற்றப்பட்டது. இருவரும் போல்ட் வரிசையின் மேல் கால் வைத்து நடந்தார்கள். போல்ட்டுக்கு அடியில் பர்லின் இருக்கிறது, அங்கே மிதித்தால் உடையாது என்பது கூரை வேலையில் வாய்வழியாக வரும் பாடம். போக, வர, மறுபடி போக என்று அந்தத் தடத்தில் பலமுறை நடந்தும் எதுவும் ஆகவில்லை.

இரண்டாவது ஷீட்டைக் கயிறு கட்டி மூலையில் மேலேற்றினார்கள். 2.75 மீட்டர் நீளம், 1.05 மீட்டர் அகலம். எடை 40 கிலோவுக்கு அருகே. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் வந்தவருக்குத் தன் பாதமும் தெரியவில்லை, போல்ட் வரிசையும் தெரியவில்லை. கையில் இருந்த ஷீட் இரண்டையும் மறைத்தது. பாதி வழியில் காற்று ஷீட்டைச் சற்றே தூக்கியது. நிலை தடுமாறாமலிருக்க அவர் இடது காலை அரையடி அகட்டி வைத்தார். அது எஃப்.ஆர்.பி. ஷீட்டின் நடுப்பகுதி. கால் உள்ளே போனதும் உடல் எடை முழுவதும் அதன் பின்னால் போனது. பக்கத்துச் சிமெண்ட் ஷீட்டின் ஓரமும் முறிந்தது.

ஹார்னஸ் உடம்பில் இருந்தது. ஹார்னஸிலிருந்து நீளும் பிணைப்புக் கயிறான லேன்யார்டின் கொக்கி ஹார்னஸின் பக்க வளையத்திலேயே மாட்டப்பட்டிருந்தது. வேறு எங்கே மாட்டுவது என்று யாரும் அவருக்குக் காட்டவில்லை, கூரையில் அப்படி ஓர் இடமும் இல்லை.

விழுந்த உயரம் 7.7 மீட்டர். தரையைத் தொட 1.25 விநாடி, தொடும்போது வேகம் மணிக்கு 44 கி.மீ. கீழே கான்கிரீட் தரை. இடுப்பெலும்பும் கீழ் முதுகெலும்பும் முறிந்தன. முன்னால் இருந்தவர் ஷீட்டைக் கைவிட்டு அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டதால் தப்பினார். படுத்தால் எடை ஷீட்டின் அலையில் பல மேடுகளுக்குப் பரவும். அந்த உள்ளுணர்வு அவரைக் காத்தது.

ஷீட் ஏன் தாங்கவில்லை

கூரை ஷீட் காற்றையும் மழையையும் தாங்கச் செய்யப்பட்டது. அந்தச் சுமைகள் ஷீட் முழுவதும் பரவி விழுபவை. மனிதக் கால் அப்படியல்ல. இந்த ஷீட்டில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் 146 மி.மீ. இடைவெளி. காலணியின் அகலம் 100 மி.மீ. அளவு. அலையின் போக்கில் கால் வைக்கும்போது ஒரு மேடோ, அதிகம் போனால் இரண்டோதான் முழுச் சுமையையும் வாங்குகின்றன. பின்னால் வந்தவரின் எடை 75 கிலோ, கையில் பாதி ஷீட் 20 கிலோ, இடுப்பில் கருவிகள் 5 கிலோ: அசையாமல் நின்றாலே 100 கிலோ. தடுமாறி ஊன்றிய காலில் அது இன்னும் கூடும்.

சிமெண்ட் ஷீட் வளைந்து எச்சரிப்பதில்லை. இரும்புத் தகடு அழுங்கும், மரப்பலகை முனகும். சிமெண்ட் ஷீட் முறியும் கணம்வரை உறுதியாகவே இருப்பதுபோலத் தோன்றும். வயதானால் நிலைமை மோசமாகிறது. மழைநீர் மேற்பரப்பில் உள்ள சிமெண்டை அரித்து இழைகளை வெளியே விடுகிறது. போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் தொடங்குகின்றன. போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கியிருந்தால் அவை முதல் நாளிலிருந்தே இருக்கும். ஈரத்தில் ஊறிய ஷீட்டின் வலு உலர்ந்ததைவிடக் குறைவு. ஒழுகலைச் சரிசெய்ய ஆட்கள் ஏறுவதோ மழைக்குப் பிறகு, அதாவது கூரை மிகவும் வலுவிழந்திருக்கும் நேரத்தில். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புதிய வகை ஃபைபர் சிமெண்ட் ஷீட்டுகளும் நடப்பதற்கு உரியவை அல்ல.

எஃப்.ஆர்.பி. ஷீட்டை வெயில் தின்கிறது. புற ஊதாக் கதிர் ரெசினைச் சிதைக்க, கண்ணாடி இழைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தொட்டால் கையில் குத்தும் நிலைக்கு வந்துவிட்ட ஷீட்டைக் காலுக்கடியில் காகிதமாகவே கொள்ள வேண்டும். அதன் மேல் பூச்சு அடிப்பது மாபெரும் தவறு. ஆபத்தைக் காட்டும் ஒரே அடையாளத்தையும் அது அழித்துவிடுகிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஸ்கைலைட் (கூரையில் வெளிச்சம் வர வைக்கும் பகுதி) வழியாகவும் கூரைத் திறப்புகள் வழியாகவும் விழுந்து தொழிலாளர்கள் இறப்பதைப் பற்றித் தனி எச்சரிக்கையே 1989-இல் வெளியிட்டது. ஆபத்து புதிதல்ல, தீர்வும் புதிதல்ல.

இனி, போல்ட் வரிசையில் நடக்கும் பழக்கம். பர்லினின் மேற்பரப்பு அகலம் 50 முதல் 75 மி.மீ. வரைதான், காலணியைவிடக் குறுகலானது. அதன்மேல் சரிவில், ஈரப்பாசியில், கையில் சுமையோடு 14 மீட்டர் பிசகாமல் நடப்பது கழைக்கூத்தாடிக்கு உரிய வேலை. ஓர் அடி பிசகினாலும் காப்பதற்கு எதுவும் இல்லாத முறையைப் பாதுகாப்பு முறையாகக் கொள்ள முடியாது. பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு வழிகாட்டிகள் போல்ட் வரிசையில் நடப்பதை வெளிப்படையாகவே நிராகரிக்கின்றன.

“காலையிலிருந்து நடந்தோமே, ஒன்றும் ஆகவில்லையே” என்ற வாதத்துக்கும் பதில் வேண்டும். உடையும் பொருள் ஒருமுறை தாங்கியது அடுத்தமுறை தாங்கும் என்பதற்குச் சான்றல்ல. தாங்கிய ஒவ்வொரு மிதியும் விரிசலைச் சற்றே நீட்டியிருக்கலாம். முதல் ஷீட்டை மாற்றிய நடையே இரண்டாவது நடைக்கான ஷீட்டை வலுவிழக்கச் செய்திருக்கலாம்.

ஒரு கூரை உடையாதது என்று சொல்லச் சோதனை இருக்கிறது. பிரிட்டனில் கூரைப் பாதுகாப்புக்கான ஆலோசனைக் குழு வகுத்த ஏ.சி.ஆர். சோதனையில் 45 கிலோ மணல்பையை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து கூரை அமைப்பின் மேல் விழவிடுகிறார்கள்; சுமார் 530 ஜூல் ஆற்றல். பை கீழே போய்விட்டால் அந்த அமைப்பு உடையக்கூடியது. முதல் முறை தாங்கினால் சி வகுப்பு, இரண்டாம் முறையும் தாங்கினால் பி, இரண்டு முறையும் குறிப்பிடத்தக்க சேதமின்றித் தாங்கினால் ஏ. இங்கே கவனிக்க வேண்டியது, சோதனைக்கு உள்ளாவது தனி ஷீட் அல்ல. ஷீட், போல்ட், பர்லின் இடைவெளி மூன்றும் சேர்ந்த அமைப்பு. இடைவெளி மாறினாலோ, வாஷர் அளவு குறைந்தாலோ முடிவு செல்லாது. சி வகுப்பு என்றால் ஒருவர் தவறி விழுந்தால் ஒருமுறை பிடிக்கும் என்றுதான் பொருள். நடைபாதை என்று பொருளல்ல. ஆவணம் இல்லாத எந்தக் கூரையையும், தகுதியுள்ளவர் ஆராய்ந்து உறுதி செய்யும்வரை, உடையக்கூடியதாகவே கொள்ள வேண்டும்.

ஹார்னஸ் மாட்டியிருந்தால்?

விசாரணைகளில் முதலில் எழும் கேள்வி இது. பெரும்பாலும் இத்தோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது: “லேன்யார்டை மாட்டவில்லை, தொழிலாளியின் கவனக்குறைவு.” அப்படி எழுதும் அறிக்கை அடுத்த விபத்தைத் தடுக்காது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கால் மட்டத்தில் உள்ள ஆங்கரில் (கயிற்றை மாட்டும் உறுதியான பிடிப்பிடம்) 2 மீட்டர் லேன்யார்டு மாட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விழுந்தால் லேன்யார்டு 2 மீட்டர் கீழே நீளும். லேன்யார்டில் உள்ள அதிர்வுறிஞ்சி கிழிந்து இன்னொரு 1.75 மீட்டர் வரை நீளலாம். ஹார்னஸின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். பாதத்துக்கும் கீழுள்ள தடைக்கும் நடுவே 1 மீட்டராவது மிச்சம் வேண்டும். கூட்டினால் 6.25 மீட்டர். ஆங்கர் ஒரு புள்ளியாக இல்லாமல் நீளவாக்கில் கட்டிய கம்பிக்கயிறாக இருந்தால், அது தொய்வதற்கு மேலும் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ சேர்க்க வேண்டும்: 7.25. கூரையின் உயரம் 7.7 மீட்டர். காகிதத்தில் சரி. ஆனால் அவர் விழுந்த வெறுந்தரையை ஒட்டி 2.4 மீட்டர் உயரச் சரக்கு ராக்குகள் நின்றன. அவற்றின் மேல் கிடைக்கும் வெற்றிடம் 5.3 மீட்டர்தான். கயிறு உடலை முழுவதும் நிறுத்துவதற்கு முன்பே அது ராக்கில் மோதியிருக்கலாம்.

இன்னும் இரண்டு சிக்கல்கள். உடைந்த ஷீட்டின் விளிம்பு கத்தியைப் போன்றது. சாதாரண நார்க் கயிறு அதன்மேல் உரசியபடி சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். அடுத்து, ஆங்கர் எங்கே? ஜே போல்ட்டில் கட்டக் கூடாது, ஷீட்டைத் துளைத்துக் கட்டக் கூடாது. அமெரிக்க விதி ஒரு நபருக்கான ஆங்கர் 22 கிலோநியூட்டன் அளவு தாங்க வேண்டும் என்கிறது; அது ஏறக்குறைய 2,200 கிலோவின் எடை. மெல்லிய பர்லின் ஒன்று அதைத் தாங்குமா என்பதை வேலைக்கு வந்தவர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அது பொறியாளர் சொல்ல வேண்டிய விடை, வேலைக்கு முன்பே.

ஆகவே உடையும் கூரையில் ஹார்னஸ் கடைசிக் காப்பு. அது தேவைப்படும் இடத்தில் கட்டாயம் வேண்டும். ஆனால் கால் வைக்க இடம் தராமல் ஹார்னஸை மட்டும் தருவது, விழுவதை அனுமதித்துவிட்டு விழுந்தபின் பிடிக்க முயல்வதாகும்.

தீர்மானங்கள் எங்கே தவறின

ஏணி வைத்த இடம்தான் இந்த விபத்தின் உண்மையான தொடக்கம். ஏணி மூலையில் நின்ற கணத்தில் 14 மீட்டர் பக்கவாட்டு நடை தீர்மானமாகிவிட்டது. மற்றவை எல்லாம் அதன் தொடர்ச்சி. கீழே சரக்கை நகர்த்தி வேலையிடத்துக்கு நேர் கீழே இடம் ஒதுக்கியிருந்தால் கூரைமேல் நடக்க வேண்டிய தேவையே எழுந்திருக்காது. அந்தச் சரக்கை நகர்த்துவது கிடங்கு நிர்வாகத்தின் கையில் இருந்தது, ஒப்பந்தக்காரர் கையில் இல்லை. ஒப்பந்தக்காரர் கேட்கவில்லை, நிர்வாகம் சொல்லவில்லை.

அனுமதிச் சீட்டில் இருந்த கேள்விகள்: ஹெல்மெட் உண்டா, ஹார்னஸ் உண்டா, ஏணி நல்ல நிலையில் உள்ளதா. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று குறியிடப்பட்டது; எல்லாம் உண்மையும்கூட. கேட்கப்படாதவை: கூரை எதனால் ஆனது, வெளிச்ச ஷீட்டுகள் எங்கே, கால் எதன்மேல் நிற்கும், பொருள் எந்த வழியில் போகும், ஷீட் உடைந்தால் அவரை எது பிடிக்கும். இந்த 5 கேள்விகள் இல்லாத கூரை அனுமதிச் சீட்டு வெறும் வருகைப் பதிவேடு.

கூரையின் வரைபடம் அலுவலகத்தில் இருந்தது. அதில் எஃப்.ஆர்.பி. ஷீட்டுகளின் இடம் குறிக்கப்பட்டிருந்தது. மேலே போனவர்களின் கைக்கு அது வரவில்லை.

‘அரை நாள் வேலை’ என்ற சொல்லின் பங்கையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. கூரை முழுவதையும் மாற்றும் பெரிய வேலைக்கு வலை கட்டுகிறார்கள், சாரம் போடுகிறார்கள். இரண்டு ஷீட் மாற்றவும், கூரை வடிகால் துப்புரவு செய்யவும், ஒரு கேமரா பொருத்தவும், சோலார் பலகை அளவெடுக்கவும் போகிறவர்கள்தான் காலின் உறுதியை மட்டும் நம்பி ஏறுகிறார்கள். வேலையின் நேரம் குறையலாம். கூரையின் வலு அதற்காகக் கூடுவதில்லை.

விழுந்த பின் முதல் நிமிடங்கள்

கீழே இருந்தவர் ஓடிவந்து, விழுந்தவர் பேசுவதைக் கண்டு, கைகளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்க முயன்றார். இது மிகவும் பொதுவான, மிகவும் ஆபத்தான உதவி. 2 மீட்டருக்கு மேலிருந்து விழுந்த எவரையும் முதுகெலும்பு முறிந்தவராகவே கருத வேண்டும். இடுப்பெலும்பு முறிவில் வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாமலே உள்ளே லிட்டர் கணக்கில் இழப்பு நேரலாம். பேசிக்கொண்டிருப்பவர் சிறிது நேரத்தில் மயங்கலாம். தலையைக் கழுத்தோடு நேர்கோட்டில் அசையாமல் இருபுறமும் கையால் பிடிக்க வேண்டும். வெளிக் காயத்தில் இரத்தம் பெருகினால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஹெல்மெட்டின் தாடைவார் மூச்சுக்குத் தடையாக இருந்தால் தளர்த்தலாம். குளிராமல் போர்த்த வேண்டும். தண்ணீர் கொடுக்கக் கூடாது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை நகர்த்தக் கூடாது. மேலே தொங்கும் உடைந்த துண்டுகள் விழும் நிலையில் இருந்தால் மட்டும், பலர் சேர்ந்து உடலை ஒரே கட்டையாக நகர்த்தலாம்.

மேலே இன்னொருவர் படுத்திருக்கிறார். அவரைக் கூட்டிவர மற்றொருவர் அதே கூரையில் ஏறுவது இரண்டாவது விபத்துக்கு வழி. அவர் அசையாமல் இருக்க, கீழிருந்து சிசர் லிஃப்ட்டோ (கத்தரிபோல் விரிந்து நேரே உயரும் மேடை), வெளியிலிருந்து பூம் லிஃப்ட்டோ (நீளும் கையின் நுனியில் கூடை உள்ளது), தீயணைப்புத் துறையின் ஏணியோ வர வேண்டும்.

ஹார்னஸில் தொங்கும் நிலை வந்தால் மீட்பு சில நிமிடங்களில் முடிய வேண்டும். அசையாமல் தொங்கும் உடலில் கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரும். மீட்டவரை உட்காரவே வைக்க வேண்டும், படுக்க வைத்தால் இறப்பார் என்ற பழைய அறிவுரையைப் பிரிட்டனில் நடந்த மறு ஆய்வு தள்ளிவிட்டது. மயங்கியவரை வழக்கமான முதலுதவி முறைப்படி படுக்க வைத்து மூச்சுவழியைக் காக்க வேண்டும்.

தரையில் சிதறிய பழைய ஷீட் துண்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அவற்றை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. நீர் தெளித்து நனைத்து, நுண்தூசியை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 வகை முகமூடியோடு பொறுக்கி, இரட்டைப் பையில் கட்ட வேண்டும்.

இதே வேலையை எப்படிச் செய்திருக்க வேண்டும்

முதல் தெரிவு, கூரைமேல் யாரும் ஏறாமல் செய்வது. 7.7 மீட்டர் உயரத்தை எட்டும் சிசர் லிஃப்ட் சாதாரணமாகக் கிடைக்கிறது. வேலையிடத்துக்குக் கீழே ராக்குகளை நகர்த்தி, லிஃப்ட்டின் அகலத்துக்கும் திருப்பத்துக்கும் போதிய இடம் விட்டு, சுற்றிலும் தடுப்புக் கட்ட வேண்டும். தரையில் வடிகால் மூடியோ குழியோ இருந்தால் லிஃப்ட்டின் சக்கரச் சுமையை அது தாங்குமா என்று பார்க்க வேண்டும். லிஃப்ட் கூடையில் இருவர். பர்லினுக்கு அடியில் தெரியும் ஜே போல்ட்டின் கொக்கியைக் கீழிருந்தே போல்ட் கட்டரால் வெட்டலாம். மாற்ற வேண்டிய ஷீட்டை உடைக்காமல் சற்றே நெம்பி, மேல் ஷீட்டின் 150 மி.மீ. ஓவர்லேப்பிலிருந்து உருவி, சாய்த்துக் கீழே இறக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் முன்கூட்டியே நனைக்க வேண்டும்; கிரைண்டர் வைத்து அறுக்கவே கூடாது. 40 கிலோ ஷீட்டை எடுத்துச் செல்லும்போது ஆட்களின் எடையும் சேர்த்து லிஃப்ட்டின் தகட்டில் எழுதிய சுமை வரம்பைத் தாண்டக் கூடாது. கைப்பிடிக் கம்பியின் மேல் ஏறி நிற்பதும், கூடையிலிருந்து கூரைக்குத் தாவுவதும் தடை. ஷீட்டை நீக்கியதும் உண்டாகும் திறப்பின் வழியாகவே தோள் மட்டத்தில் நின்று, அக்கம்பக்கத்துப் போல்ட் தலைகளின் வாஷர்களையும் கைக்கு எட்டும்வரை மாற்றிவிடலாம்.

லிஃப்ட் உள்ளே வர வழியில்லை என்றால்தான் இரண்டாம் தெரிவு: மேலே பலகை, கீழே வலை.

பலகையில் பலர் செய்யும் பிழையை விளக்க வேண்டும். நடைப்பலகை குறைந்தது 600 மி.மீ. அகலம் இருக்க வேண்டும், பர்லினுக்குக் குறுக்காக, சரிவின் போக்கில் கிடக்க வேண்டும். 4.2 மீட்டர் பலகை 1.3 மீட்டர் இடைவெளியில் 4 பர்லின்களைத் தொடும். நுனியில் மிதித்தாலும் எழும்பாதபடி கடைசிப் பர்லினுக்கு அப்பால் நீளும் பகுதி குறைவாக இருக்கும். அதே பலகையைப் பர்லினுக்கு இணையாகப் பக்கவாட்டில் போட்டால் அது ஒரே பர்லினின் மேல் கிடக்கும். ஓரத்தில் மிதித்தால் ஷீட்டின் மேல் சாயும். பலகை இருக்கிறது என்ற தைரியத்தோடு உடையும் கூரையில் நிற்பதுதான் அது.

எனவே பக்கவாட்டில் நகரப் பலகைகளை அடுத்தடுத்து, ஒவ்வொன்றும் குறுக்காக அடுக்க வேண்டும். 14 மீட்டருக்கு 24 பலகைகள். யாரும் இத்தனை கொண்டுவர மாட்டார்கள். விடை, ஏறும் இடத்தை மாற்றுவது: சாரக் கோபுரத்தை வேலையிடத்துக்கு நேரான பக்கவாட்டு விளிம்பில் நிறுத்தினால் பக்கவாட்டு நடை இல்லை. விளிம்பிலிருந்து சரிவில் மேலேற 2 பலகைகள், வேலையிடத்தின் இருபுறமும் ஒவ்வொன்று, நகர்த்தும்போது நிற்க ஒன்று உபரி. ஆக 5. பலகையை நகர்த்த இன்னொரு பலகையின் மேல் நின்றுகொண்டே நகர்த்த வேண்டும். ஒற்றைப் பலகையோடு கூரையில் இருப்பவர் ஒரு கட்டத்தில் ஷீட்டின் மேல் இறங்கியே தீர வேண்டும். சரிவில் வழுக்காதபடி பலகைகளின் மேல்நுனி கொக்கியால் முகட்டோடு பிணைந்திருக்க வேண்டும். எட்டும் தூரத்தில் உள்ள எஃப்.ஆர்.பி. ஷீட்டுகளின் மேல் கனமான கம்பி வலை மூடி போட்டுப் பிணைக்க வேண்டும். பலகை ஓரத்தில் கைப்பிடித் தடுப்பு: பிரிட்டன் விதிப்படி 950 மி.மீ. உயரம் குறைந்தபட்சம், இடையிலுள்ள திறப்பு 470 மி.மீ.க்கு மிகாமல்.

வலையைக் கூரைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. விழும் தூரம் குறையும், வலை தொய்வதற்குக் கீழே இடம் கிடைக்கும். வலைக்கும் ராக்குக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை வலை கட்டுபவர் கணக்கிட்டு எழுத்தில் தர வேண்டும். வலையை அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கட்ட வேண்டும், அதுவும் கீழிருந்து லிஃப்ட்டிலோ சாரத்திலோ நின்றபடி. வலையில் விழுந்த ஷீட் துண்டுகளை உடனுக்குடன் எடுக்காவிட்டால், அடுத்து விழுபவரை அந்தத் துண்டுகள் வெட்டும்.

காற்று வீசும் நாளில் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர் பரப்புள்ள ஷீட் ஒரு பாயைப் போல் விரிந்து காற்றை வாங்கும்.

கூரை அல்லாத பிற தளங்கள்

நிற்கலாம் என்று தோன்றும் எந்தத் தளத்துக்கும் இதே கேள்வி உண்டு.

இரும்புக் கிரேட்டிங் (இடைவெளி விட்ட பட்டைகளால் ஆன நடைத்தளம்): சுமை தாங்கும் பட்டைகள் ஒரு திசையில்தான் ஓடுகின்றன, குறுக்குக் கம்பிகள் அவற்றைப் பிணைக்க மட்டுமே. கழற்றிய பலகத்தைத் 90 டிகிரி திருப்பிப் போட்டால் அளவில் சரியாகப் பொருந்தலாம், ஆனால் தாங்கும் பட்டைகளின் நுனிகள் தாங்கியின் மேல் அமராது. மிதித்ததும் மடியும். ஒவ்வொரு நுனியும் குறைந்தது 25 மி.மீ. தாங்கியின் மேல் அமர வேண்டும். ஒரு பலகத்துக்கு 4 கிளிப்புகள். ரசாயன ஆலைகளில் கிரேட்டிங் முதலில் அரிப்பது தாங்கியின் மேல் அமரும் அந்த நுனியில்தான். மேலிருந்து பார்த்தால் பளபளப்பாக இருக்கும். கீழிருந்து பார்க்க வேண்டும்.

தரைத் திறப்பை மூடிய பிளைவுட்: கிடக்கும் பலகையை ஒருவர் எடுத்து, அதைத் தூக்கிப் பிடித்தபடியே அடியெடுத்து வைத்துத் துளைக்குள் விழுகிறார். கையில் உள்ள பலகையே துளையை மறைக்கிறது, ஷீட் பாதத்தை மறைத்ததைப் போலவே. அமெரிக்கக் கட்டுமான விதி 3 நிபந்தனைகள் வைக்கிறது: மேலே வரக்கூடிய ஆட்கள், கருவிகள், பொருட்களின் எடையைப்போல் இரு மடங்கு தாங்க வேண்டும், நகராதபடி பிணைத்திருக்க வேண்டும், மூடி என்று தெரியும்படி எழுத்தாலோ நிறத்தாலோ அடையாளம் வேண்டும். ஆணி அடிக்காத, எழுதாத மூடி திறந்த துளையைவிட மோசம். திறந்த துளை கண்ணுக்காவது தெரியும்.

சேமிப்புத் தொட்டியின் இரும்புக் கூரை: புதிதில் 5 மி.மீ. அளவுள்ள தகடு ஆவிபடும் உட்புறத்திலிருந்து அரிக்கும், வெளிப்பூச்சு அப்படியே இருக்கும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏ.பி.ஐ. 653 தரநிலை, 645 சதுர செ.மீ. பரப்பில் சராசரித் தடிமன் 2.3 மி.மீ.க்குக் கீழே போனாலோ துளை விழுந்தாலோ தகட்டைச் சரிசெய்ய அல்லது மாற்றச் சொல்கிறது. ஏறும் முன் மீயொலிக் கருவியால் தடிமன் அளந்த தேதி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஏறக் கூடாது.

தானியக் குதிர்: ஈரப்பட்ட தானியம் மேலே கட்டிதட்டி, அடியில் தானியம் வெளியேறியதும் பாலம்போல் நிற்கும். அதன்மேல் நடந்தால் இடிந்து உள்ளே இழுக்கும். உள்ளே போகும் முன் வெளியேற்றும் இயந்திரத்தின் மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்ட வேண்டும். கட்டியை வெளியே நின்று நீளக் கோலால் உடைக்க வேண்டும்.

கிடங்கில் இருக்க வேண்டிய பதிவேடு

ஒவ்வொரு கட்டிடத்துக்கும் கூரைப் பதிவேடு ஒன்று: ஷீட்டின் வகை, போட்ட ஆண்டு, ஆஸ்பெஸ்டாஸ் உண்டா என்ற ஆய்வக முடிவு, பர்லின் இடைவெளி, வெளிச்ச ஷீட்டுகள் ஒவ்வொன்றும் முன் சுவரிலிருந்து எத்தனை மீட்டர், முகட்டிலிருந்து எத்தனையாவது பர்லின், ஆங்கர் இருந்தால் அதன் கடைசிச் சோதனைத் தேதி. கூரைக்கு ஏறும் ஒவ்வொரு வழியிலும் ‘உடையும் கூரை, பலகையின்றி ஏறாதே’ என்ற எச்சரிக்கைப் பலகை. நிரந்தர ஏணிக்குப் பூட்டு. சாவி அனுமதிச் சீட்டு தருபவரிடம். பதிவேட்டின் நகல் விலைப்புள்ளி கேட்கும்போதே ஒப்பந்தக்காரருக்குப் போக வேண்டும். லிஃப்ட்டுக்கும் பலகைக்குமான செலவை அவர் அப்போதுதான் விலையில் சேர்க்க முடியும். வேலைக்கு வந்து இறங்கிய காலையில் கொடுத்தால் அவரிடம் இருப்பது ஏணியும் கயிறும் மட்டும்தான்.